உள்நுழையும்போது இறங்குபவை

ஜனவரி 30, செவ்வாய்

காலை ஒன்பதே காலிலிருந்து பத்து வரை இன்டர்நெட் நகரவே இல்லை என்று இன்றும் எல்லாத் துறையிலிருந்தும் போன். கையெழுத்துப் போட்ட கையோடு எல்லோரும் அவரவர் மெயிலைத் திறக்கிறார்கள். முதல்வர் கோமதிநாயகம் கூப்பிட்டு, ஒரு ஆள் மெயிலுக்குள் நுழையும்போது என்னதான் இறங்குகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று ரிப்போர்ட் கேட்டார். இந்தக் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். என்னிடம் ரிப்போர்ட் என்று யாரும் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது.

என் மெயிலில் மொத்தமே முப்பது கடிதம். அதை வைத்து அளந்தால் சரியாக வராது. கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெக்ஸ்லின் மேடம் ரெக்கார்டு நோட்டுகளோடு லேபில் இருந்தார். "என் மெயிலப் போட்டுப் பாருங்க சார். நாலாயிரம் கெடக்கு, அழிக்க நேரமே இல்ல" என்றார். அவர் கடவுச்சொல் அடிக்கும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிரவுசருக்குள்ளேயே ஒரு பதிவு வசதி இருக்கிறது. ஓடவிட்டால் எந்தக் கோப்பு எங்கிருந்து எப்போது இறங்கியது, அதற்குள் என்ன இருந்தது என்பது வரை மொத்தமாகச் சேமித்துத் தரும். முதலில் உள்நுழையும் பக்கம் வந்தது, சின்னதுதான். பிறகு நிரல் கோப்புகள், ஒவ்வொன்றும் மூட்டை மூட்டையாக. எழுத்துருக்கள், பொத்தான்களின் படங்கள், புது மெயில் வந்தால் அடிக்கிற மணியின் சத்தம், கட்டைவிரல் அளவில் மேடத்தின் போட்டோ. கடைசியாகக் கடிதப் பட்டியல்: சமீபத்திய ஐம்பது கடிதம், அனுப்பியவர், தலைப்பு, முதல் இரண்டு வரி. எல்லாம் சேர்ந்து ஏழு எம்.பி.க்கு மேல். இரண்டாம் தடவை ஒன்றரைதான். முன்பு இறக்கியதை பிரவுசர் தன்னிடமே வைத்துக்கொள்கிறது.

"லெட்டர் எதையும் நான் இன்னும் திறக்கவே இல்லியே சார்" என்றார்.

"நீங்க தொடுறதுக்கு முன்னாலயே எல்லாம் வந்திரும் மேடம்."

சிரித்தார். போகும்போது, வேலை முடிந்ததும் பதிவை அழித்துவிடச் சொன்னார். சரி என்றேன்.

பிப்ரவரி 1, வியாழன்

பதிவைத் திறந்து அட்டவணை போட்டேன். மேடத்தின் கடவுச்சொல்லும் ஒரு வரியாக அதில் இருந்தது. அதை உடனே அழித்தேன். வேறு யாராயிருந்தாலும் குறித்து வைத்திருப்பார்கள்.

கடிதப் பட்டியலை நான் படிக்கவில்லை. அளவு பார்க்கும்போது கண்ணில் பட்டதுதான். நூலகத்திலிருந்து ஒரு நினைவூட்டல், அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் தேதி, மேடத்தோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கும் கணக்குத் துறை பெனிட்டா அனுப்பிய ஒரு போட்டோ, பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம். இவ்வளவுதான்.

பிப்ரவரி 2, வெள்ளி

பதினாலாம் நம்பர் மெஷினுக்கு மவுஸ் மாற்றினேன். மின்சாரம் இருமுறை போனது.

பிப்ரவரி 6, செவ்வாய்

முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ரிப்போர்ட்டுக்காக என்று நினைத்துப் போனேன். கரஸ்பாண்டன்டும் உட்கார்ந்திருந்தார்.

நவம்பரில் பல்கலைக்கழக ஆய்வுக் குழு வந்தபோது, வெளியிலிருந்து பதினொரு பேரைக் கூட்டி வந்து ஆசிரியர்கள் என்று உட்கார வைத்தார்கள். என் லேபிலும் வேனில் நாற்பது கம்ப்யூட்டர் வந்து இறங்கி, மறுநாள் அதே வேனில் திரும்பிப் போனது. இதையெல்லாம் யாரோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டார்கள். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் பெயர் அதில் இல்லை.

நாற்பது என்று புகாரில் எண்ணிக்கை சரியாக இருக்கிறதாம். "அந்தக் கணக்கு லேப்ல இருக்கிறவனுக்குத்தானே தெரியும்" என்றார் கரஸ்பாண்டன்ட். நான் இல்லை என்றேன். முதல்வர் மெதுவாக, என் மகள் சௌபர்ணிகா எந்த வருஷம் என்று கேட்டார். மூன்றாம் வருஷம், இங்கேதான், என்றேன். நல்லாப் படிக்கிற பிள்ளை, இன்டர்னல் மார்க் எல்லாம் ஒழுங்காக வரவேண்டும் இல்லையா என்றார். எழுதியது யார் என்று வெள்ளிக்கிழமைக்குள் யோசித்துச் சொல்லச் சொன்னார்கள்.

வெளியே வந்து தண்ணீர் குடித்தேன்.

பிப்ரவரி 7, புதன்

லீவு. தலைவலி.

பிப்ரவரி 9, வெள்ளி

ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். ரிப்போர்ட் இரண்டே பக்கம். கரஸ்பாண்டன்டுக்கு எதுவானாலும் காகிதத்தில் இருந்தால்தான் நம்பிக்கை என்பார்கள். ஆகவே நிரல், படம் நீங்கலாகப் பதிவை முழுக்கப் பிரிண்ட் எடுத்துப் பின்னிணைப்பாகச் சேர்த்தேன். நாற்பத்தாறு பக்கம். ஸ்பைரல் போட்டுக் கெட்டி அட்டை வைத்ததில் பார்க்க நன்றாக இருந்தது. ஆதாரம் இல்லாத ரிப்போர்ட் அரை ரிப்போர்ட். பின்னிணைப்பை யாரும் படிப்பதும் இல்லை.

இது யாருடைய மெயில் என்று முதல்வர் கேட்டார். சோதனைக்கு உதவியவர் பெயரைச் சொல்வதுதான் மரியாதை. சொன்னேன். அவர் அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு, யோசித்தீர்களா என்று கேட்டார். நான் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். சரி, போங்க என்றார்.

பிப்ரவரி 14, புதன்

இன்று கிறிஸ்தவர்களுக்குச் சாம்பல் புதன். ரெக்ஸ்லின் மேடமும் பெனிட்டா மேடமும் காலைப் பூசைக்குப் போய்விட்டு நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தார்கள். பதினொரு மணிக்கு ரெக்ஸ்லின் மேடத்தை மேலே கூப்பிட்டார்கள். பன்னிரண்டரைக்கு ஒரு அட்டைப் பெட்டியோடு இறங்கினார். அந்தச் சாம்பல் அப்படியே இருந்தது.

வேலையிலிருந்து எடுத்துவிட்டார்களாம். சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட அசல் சான்றிதழ்களையும் கொடுக்கவில்லை. விசாரணை முடியட்டும் என்றார்களாம். அது இல்லாமல் வேறு கல்லூரியில் சேர முடியாது.

லேப் வாசலில் நின்று, "வரேன் சார்" என்றார். பெட்டியை வாங்கிக்கொண்டு கேட் வரைக்கும் போனேன். கனமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 16, வெள்ளி

சாப்பாட்டு வேளையில் ரெக்ஸ்லின் மேடம் போன் செய்தார். பல்கலைக்கழகம் அவருக்கு எழுதிய கடிதத்தின் முதல் வரியை முதல்வர் அப்படியே வாய்விட்டுச் சொன்னாராம். அந்தக் கடிதம் தன் மெயிலைத் தவிர எங்கும் இல்லை, எப்படிப் போனது என்றே தெரியவில்லை என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி,

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அன்னிக்கு எடுத்த பதிவை அழிச்சிட்டீங்கல்ல?"

"அன்னிக்கே அழிச்சிட்டேன் மேடம்."

"எனக்குத் தெரியும் சார். கேக்கணும்னு கேட்டேன், மன்னிச்சுக்குங்க."

பிப்ரவரி 19, திங்கள்

காலையில் வந்ததும் முதல் வேலையாகப் பதிவை அழித்தேன். ஆகவே வெள்ளிக்கிழமை சொன்னது இப்போது உண்மையாகிவிட்டது.

எழுதிய பிறகு இந்த வரியைப் படித்துப் பார்த்தேன். அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். இருக்கட்டும்.

பிப்ரவரி 26, திங்கள்

பெனிட்டா மேடம் லேபுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கேள்வித்தாள் அடிக்க வந்திருப்பதாகச் சொன்னார், ஆனால் மெஷினைப் போடவே இல்லை. நான் கேட்காமலே சொன்னார். இருவரும் ஒரே லேப்டாப்பைத்தான் வீட்டில் பயன்படுத்தினார்களாம். அதில் ரெக்ஸ்லின் மேடத்தின் மெயில் எப்போதும் திறந்தே கிடக்குமாம். அதனால் பெனிட்டாதான் பார்த்துச் சொல்லிவிட்டதாக ரெக்ஸ்லின் மேடம் நம்புகிறார். சண்டை போடவில்லை, கத்தவில்லை. சனிக்கிழமை துணிகளை எடுத்துக்கொண்டு மார்த்தாண்டத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "உன் வேலையாவது நெலைக்கட்டும்" என்று மட்டும் சொன்னாராம்.

"ஆறு வருசம் சார். ஒரு தட்டுல சாப்ட்டிருக்கோம். நான் எப்படி இல்லன்னு நிரூபிக்கிறது?"

எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்து நன்றி சார் என்றார்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

மார்ச் 1, வெள்ளி

பத்து மணிக்கு முன்னால் யாரும் சொந்த மெயிலைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். இன்டர்நெட் நன்றாகப் போகிறது. முதல்வர் ஆசிரியர் கூட்டத்தில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். இன்றுமுதல் நான் லேப் இன்ஸ்ட்ரக்டர் இல்லை, சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். கதவில் 'தி. தவசிமுத்து' என்று பலகை மாட்டிவிட்டார்கள். கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். பெனிட்டா மேடமும் தட்டினார்.

சௌபர்ணிகா போனில் சொல்லிவிட்டாள் போல. வீட்டுக்குப் போனால் செண்பகம் கேசரி கிண்டி வைத்திருந்தாள். ஒரு வாய் வைத்தேன். இறங்கவில்லை. கொல்லைப்புறம் போய்த் துப்பினேன். பின்னாலேயே வந்து சீனி கூடிப்போச்சா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மனைவியின் கைப்பக்குவத்தின் மேலும் ஒரு பழியைப் போட்டாயிற்று.

மார்ச் 6, புதன்

இருபத்தொன்றாம் தேதி பல்கலைக்கழக விசாரணைக் குழு வருகிறது. 'நவம்பர் ஆய்வின்போது இருந்த ஆசிரியர்களும் உபகரணங்களும் இக்கல்லூரியைச் சேர்ந்தவையே' என்று அடித்து வைத்து, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் முப்பது பேர் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். பேனா சரியாக எழுதாததால் இரண்டு தடவை போட வேண்டியிருந்தது.

மார்ச் 10, ஞாயிறு

செண்பகத்திடம் சொல்லிவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பதினைந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையே, சர்க்கரை ஏதும் இருக்கிறதா, டாக்டரிடம் போவோமா என்று கேட்டாள். வேறு எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லிவிட்டேன். கரஸ்பாண்டன்ட் மிரட்டியது, மகளின் மார்க், நாற்பத்தாறு பக்கம், எல்லாம். பல்கலைக்கழகக் கடிதம் அதில் இருந்தது தெரியாது என்று வாய் வரை வந்தது. அதை மட்டும் விழுங்கினேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பயந்துட்டீங்க. புள்ளையக் காட்டி மெரட்டுனா யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். அந்தப் பொண்ணு போன்ல கேட்டப்பவும் பயந்தாங்கொண்டு சொன்னீங்க?"

அப்போது மிரட்ட யாரும் இல்லை. சாப்பாட்டு டப்பா மட்டும்தான் எதிரே இருந்தது. அவர் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அது போய்விடக் கூடாது என்றுதான் சொன்னேன்.

உள் அறையில் சௌபர்ணிகா இருந்ததை நான் கவனிக்கவில்லை. வெளியே வந்து, "எனக்காகன்னு மட்டும் யார்ட்டயும் சொல்லாதீங்கப்பா" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

மார்ச் 11, திங்கள்

பெனிட்டா மேடத்தைக் கல்லூரி பஸ் நிற்கும் வேப்பமரத்தடியில் பிடித்தேன். முதல் நாலு வார்த்தையிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. மீதியைக் கேட்கவே இல்லை. கையிலிருந்த விடைத்தாள் கட்டை மார்போடு இறுக்கிக்கொண்டார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன சார்? அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. போன்ல வேண்டாம். நேர்ல போங்க."

நாளைக்குப் போகிறேன் என்றேன். பஸ்ஸில் ஏறிய பிறகு என் பக்கத்து ஜன்னலை அவர் மூடிவிட்டார். வெயிலுக்காகவும் இருக்கலாம்.

மார்ச் 12, செவ்வாய்

லீவு எழுதிக் கொடுக்கவில்லை. சாத்தூரில் பஸ் பிடித்துத் திருநெல்வேலி, அங்கிருந்து நாகர்கோவில், பிறகு மார்த்தாண்டம். முகவரியை பெனிட்டா மேடம் எழுதி அனுப்பியிருந்தார். ஐந்தரை மணி நேரம் வழி முழுக்க ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றி அமைத்துப் பார்த்தேன். "தெரியாமல் நடந்துவிட்டது" என்று ஆரம்பித்தால் எல்லாம் சுலபமாக இருந்தது. ஆரல்வாய்மொழி தாண்டும்போது அதையே சொல்வது என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன கண்ணில் கறுப்பு மறைப்பு. "மக்ளே, காலேஜ் சாறு வந்திருக்காரு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, இவ்வளவு தூரம் விசாரிக்க வந்தீர்களே என்று என்னை உட்கார வைத்துச் சாயா போட்டுத் தந்தார். ரெக்ஸ்லின் மேடம் மெலிந்திருந்தார். மூன்று கல்லூரியில் நேர்காணல் நன்றாக முடிந்ததாம். மூன்றிலும் சான்றிதழ் கேட்டு நின்றுவிட்டதாம். என்னைப் பார்த்ததில் அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். கல்லூரியிலிருந்து போன் செய்தவர்கூட யாரும் இல்லை, நீங்கள் நேரிலேயே வந்துவிட்டீர்கள் என்றார்.

சாயா கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னேன். பதிவை அழிக்கவில்லை. பிரிண்ட் எடுத்து ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கொடுத்தேன். அதிலிருந்துதான் போயிருக்கிறது. பெனிட்டா மேடம் ஒன்றும் செய்யவில்லை. போனில் நான் சொன்னது பொய்.

வாசலில் கோழி ஒன்று உள்ளே வரப் பார்த்தது. ரெக்ஸ்லின் மேடம் கையை வீசி அதைத் துரத்தினார். பிறகு கேட்டார்.

"எல்லாத்தையும் சேர்த்துப் பிரிண்ட் எடுத்ததுல தெரியாம போயிருச்சா சார்?"

அவரே வழி செய்து கொடுத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சாயா கிளாஸைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைக் கேட்டார்.

"அந்த லெட்டர் எத்தனாவது பக்கத்துல இருந்துச்சு?"

"முப்பத்தொண்ணு" என்றேன்.

நாற்பத்தாறு பக்கத்தில் எது எங்கே என்று, படிக்காதவனுக்கு எப்படித் தெரியும்? அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான். பிப்ரவரி ஒன்றாம் தேதியே அந்த வரியை முழுக்கப் படித்தேன். 'தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, தங்கள் பெயர் இரகசியமாக வைக்கப்படும்.' இன்றும் ஒரு எழுத்து விடாமல் சொல்ல முடியும். கடவுச்சொல் இருந்த வரியை அழிக்கத் தெரிந்த எனக்கு இந்த வரியை அழிக்கவும் தெரியும். பிரிண்ட் எடுத்த அன்று அந்தப் பக்கம் மங்கலாக வந்தது என்று இரண்டாம் தடவை எடுத்தேன். இதை இந்த டைரியில்கூட எழுதவில்லை.

அவர் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். "பெனி" என்று ஒரு சத்தம் கேட்டது. அம்மா என்னிடம், என்ன சாறே, சாயா ஆறிப்போச்சே, வேறே போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

திரும்பி வந்தவர் உட்காரவில்லை. "இருபத்தொண்ணாம் தேதி குழு வருது. என்னையும் கூப்ட்டிருக்காங்க. நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"சரி. நீங்க கெளம்புங்க சார், பஸ் இருக்கு."

மார்ச் 13, புதன்

சொல்லாமல் லீவு எடுத்ததற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பு. சொந்த வேலை என்று எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 21, வியாழன்

குழுவில் மூன்று பேர். கருத்தரங்க அறையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல்வர் கதவோரம் நாற்காலி போட்டுக்கொண்டார். வரிசையாக உள்ளே அனுப்பினார்கள். ஒவ்வொருவரும் இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தார்கள். என் முறை வந்தபோது, கையெழுத்திட்ட தாளைக் காட்டி, இது உங்களுடையதுதானா என்று கேட்டார்கள்.

கையெழுத்து என்னுடையது, அதில் எழுதியிருப்பது பொய் என்றேன். உரக்கச் சொல்லச் சொன்னார்கள். மறுபடி சொன்னேன். வேன் வந்த தேதி, இறங்கிய நாற்பது மெஷின், மறுநாள் ஏற்றிப் போனது, என் லேப் பதிவேட்டில் அந்த நாளுக்கு எந்த வரவும் இல்லாதது, எல்லாவற்றையும் சொல்லிப் பதிவேட்டை மேஜைமேல் வைத்தேன். புகார் எழுதியவரின் பெயர் கல்லூரிக்கு என் கைவழியாகத்தான் போனது என்றும், எப்படி என்றும் சொன்னேன்.

குழுவில் வயதான அம்மா ஒருவர், அந்த வரி அதில் இருப்பது தெரிந்தா கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"தெரிஞ்சுதான்."

ஏன் என்று கேட்டார். மகளைச் சொல்லவில்லை. என் மேல் சந்தேகம் வந்தது, அது வேறு ஆள் மேல் போகட்டும் என்று நினைத்தேன் என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள். படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். முதல்வர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வராந்தாவில் ரெக்ஸ்லின் மேடம் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெனிட்டா மேடம், அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு. நான் அவர்களைத் தாண்டித்தான் படியிறங்க வேண்டும். தாண்டும்போது பேச்சு நின்றது. இறங்கிய பிறகு மறுபடி ஆரம்பித்தது.

மார்ச் 22, வெள்ளி

கேட்டில் வாட்ச்மேன் நிறுத்திவிட்டார். உள்ளே விடக்கூடாது என்று உத்தரவாம். அவருக்குச் சங்கடமாக இருந்தது. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். சௌபர்ணிகா உள்ளே போனாள். திரும்பிப் பார்த்தாள்.

ஏப்ரல் 8, திங்கள்

சாத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு வேலை. சௌபர்ணிகாவுக்கு இரண்டு பாடத்தில் இன்டர்னல் மார்க் குறைத்துப் போட்டிருக்கிறார்கள். சாப்பிடும்போது சொன்னாள், புகாராக இல்லை. எழுத்துத் தேர்வில் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நான் அவள் தட்டில் இன்னொரு தோசையை வைத்தேன். சாப்பிட்டாள்.

ஏப்ரல் 17, புதன்

மதியம் கடையில் இருந்தபோது பெனிட்டா மேடம் போன். பல்கலைக்கழக உத்தரவு வந்து, கல்லூரி ரெக்ஸ்லின் மேடத்தின் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டது. நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் ஜூனில் சேர்கிறார். அடுத்த வருஷம் இங்கே புது மாணவர் சேர்க்கைக்கு அனுமதி இல்லையாம்.

"உங்ககிட்டச் சொல்லச் சொல்லி அவ சொல்லல சார். நானாத்தான் சொல்றேன்."

"சரி மேடம்."

வீட்டுக்கு வந்ததும் செண்பகத்திடம் சொன்னேன். சான்றிதழ் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டாள்.

ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

அவள், கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம் என்றாள்.